உன் நாற்காலிக்குப் போய்வந்தேன்

இன்று காலை பக்கம் திரும்பவில்லை.

எங்கள் செராமிக் கம்பெனியின் காயவைக்கிற கொட்டகையில் உட்கார்ந்து வயோலா வாசித்துக்கொண்டிருந்தேன். முதல் பக்கத்தின் கடைசி வரி வந்தது. தாளின் கீழ்நுனி லேசாக மேலே மடிந்திருந்தது. அதை மடித்தவன் நீ. அவசரத்தில் திருப்பும்போது விரலில் சட்டென்று அகப்படவேண்டும் என்று எந்தத் தாள் கைக்கு வந்தாலும் முதல் வேலையாக அப்படி மடித்துவைப்பாய். வரி முடிந்துவிட்டது, நான் பாட்டுக்கு வில்லை இழுத்துக்கொண்டே இருக்கிறேன். நீ திருப்புவாய் என்று கை நம்பிக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று சுரம் மனப்பாடத்தில் ஓடியது, அதற்குமேல் ஓடவில்லை. பலகையில் கப்புகளை அடுக்கிக்கொண்டிருந்த செல்வி அக்கா என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றேன்.

செத்துப்போனவனுக்கு உட்கார்ந்து மடல் எழுதுகிற ஆள் நான் இல்லை. அது உனக்கே தெரியும். ஆனால் நீ போனபிறகு உன் நாற்காலிக்கு நான் போய் வாசித்துவிட்டு வந்தேன். அங்கே என்ன நடந்தது என்று கேட்காமல் உன்னால் ஒரு நாள்கூட இருக்கமுடியாது. உயிரோடு இருந்திருந்தால் போன் போட்டு, “என்னாடா ஆச்சு, மொதல்லேருந்து சொல்லு” என்று உயிரை வாங்கியிருப்பாய். சரி, முதலிலிருந்தே சொல்கிறேன்.

முதல் என்றால் நமக்கு அது பி.டி. பீரியடுதான். விருத்தாசலம் வெயிலில் மைதானத்தை ஓடிச் சுற்ற உனக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை, எனக்குச் சோம்பல் இடம் கொடுக்கவில்லை. கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்காக ஸ்கூலில் வயலின் கற்றுக்கொள்கிறவர்களுக்கு பி.டி.யிலிருந்து விலக்கு என்று தெரிந்ததும் இரண்டு பேரும் போய்ப் பெயர் கொடுத்தோம். எங்கள் அப்பா கம்பெனியில் செய்கிற டீ கப்பை உங்கள் அத்தா ஜங்ஷன் ரோட்டுக் கடையில் விற்பார் என்பதைத் தவிர நமக்குள் அதுவரை பழக்கம் கிடையாது. சங்கீதத்தின்மேல் ஆசைப்பட்டு வந்ததாக நான் பின்னாளில் யாரிடமாவது சொல்ல ஆரம்பித்தால் நீ பக்கத்தில் நின்று இருமுவாய்.

ஆசை பிறகுதான் வந்தது. வந்தது வந்தபடி விடவே இல்லை. பன்னிரண்டாவது முடித்து இருவரும் சென்னைக்குப் போய் மேற்கத்திய சங்கீதம் சொல்லித்தருகிற இடத்தில் சேர்ந்தோம். அங்கே போனால் எங்கு பார்த்தாலும் வயலின். ஒருநாள் மாஸ்டர் வந்து, வயலினுக்கு ஆள் குவிந்து கிடக்கிறது, வயோலாவுக்கு ஒருவரும் இல்லை, யாராவது மாறுகிறீர்களா என்று கேட்டார். அவர் வாயை மூடுவதற்குள் நீ கையைத் தூக்கிவிட்டாய். நீ தூக்கியதால் நானும் தூக்கினேன். அப்புறம் வெளியே வந்து, ஏன்டா தூக்கினாய் என்று கேட்டதற்கு நீ சொன்னது வியாபாரி வீட்டுப் பதில். “தெருவுல எந்தக் கடை இல்லியோ அந்தக் கடையத்தான்டா போடணும்.”

வயோலா என்றால் நம் ஊரில் இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, குரலில் தாழ்ந்தது. மேலே ஓடுகிற மெட்டு அதனுடையது அல்ல, கீழே தாங்குகிற கனமும் அதனுடையது அல்ல. நடுவில் இருந்துகொண்டு இரண்டையும் விட்டுவிடாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. நான் இப்படி விளக்க ஆரம்பித்து மூச்சு வாங்குவதற்குள், “பெரிய பிடிலுங்க” என்று சொல்லி நீ பேச்சை முடித்துவிடுவாய். கேட்டவரும் திருப்தியாகப் போய்விடுவார். ஆனால் அந்தப் பெரிய பிடில் நம்மை என்ன பாடு படுத்தியது. வயலினுக்கு எழுதுகிற முறையில் இதற்கு எழுதமாட்டார்கள், குறியீடே வேறு. அதுவரை படித்ததை மறந்துவிட்டு மறுபடி அனா ஆவன்னாவிலிருந்து தொடங்கினோம். கிரேடு பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதி மேலே ஏறினோம். தோள்பட்டை வலிக்கு நீ தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கிற வாடையில் நம் அறைக்கு ஹவுஸ் ஓனர்கூட வரமாட்டார்.

உன் கணக்குத் தப்பவில்லை. வயோலாவுக்கு ஆள் இல்லாததால் சினிமா ரிகார்டிங்குக்குச் சீக்கிரமே கூப்பிட்டார்கள். ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு பேர், இரண்டு பேருக்கும் ஒரே தாள். வெளிப்பக்கம் உட்கார்கிறவன் நிறுத்தாமல் வாசிப்பான். உள்பக்கம் உட்கார்கிறவன் பக்கத்தின் முடிவில் தன் வாசிப்பை விட்டுவிட்டுத் தாளைத் திருப்பவேண்டும். எல்லா ஊரிலும் அதுதான் வழக்கம். முதல் நாளே நீ உள்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாய். வெளிப்பக்கம் உட்கார்ந்தால் மியூசிக் டைரக்டரின் கண் படும், அந்த வம்பே வேண்டாம் என்றாய். அன்றிலிருந்து ஸ்டூடியோவில் நான் ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பியதில்லை.

ஸ்டூடியோவில் இன்னொரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லமுடியாது. வாசிக்கும்போது ஒருவன் கை பிசகிவிட்டால் வில்லைத் தூக்கிக் காட்டி, “சாரி சார், ஒன் மோர்” என்பான். உடனே மறுபடி எடுப்பார்கள். யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். தப்பை மறைக்கிறவனைவிட ஒத்துக்கொள்கிறவனுக்குத்தான் அங்கே மரியாதை. அந்த மரியாதையில் எனக்கு ரொம்பப் பெருமை இருந்தது. எறும்பு ஊர்கிற அளவுக்குப் பிசகினாலும் ஒன் மோர் கேட்பேன். நம் வரிசையில் எனக்கு ஒன் மோர் என்றே பெயர் வைத்தார்கள். வைத்தவன் யார் என்று எனக்குத் தெரியும்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கீபோர்டில் ஒரு விரலை வைத்தால் ஒரு ஹால் நிறைய வயலின் கேட்கிறது, எதற்கு இத்தனை பேருக்குச் சோறு போடவேண்டும் என்று ஆனது. முதலில் நிறுத்தியது நம்மைத்தான். வயலின் இல்லாவிட்டால் கேட்கிறவனுக்குத் தெரிந்துவிடும், வயோலா இல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒருவர் நம்மை வைத்துக்கொண்டே சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்கு அது சாதாரணமாகத்தான் இருந்தது. அன்று பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஊருக்கு வந்துசேர்ந்தோம். நான் அப்பாவின் கம்பெனியில் ஃப்யூஸ் கட்டைக்கும் டீ கப்புக்கும் ஆர்டர் எடுத்தேன், சனி ஞாயிறில் புதுச்சேரிக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தேன். நீ கடையில் உட்கார்ந்தாய். டின்னர் செட் அடுக்கியிருக்கிற அலமாரிக்கு மேலே உன் வயோலா பெட்டி இருக்கும். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து கல்யாணச் சீருக்குப் பாத்திரம் பார்க்க வந்த ஒரு அம்மா, அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்ன ஐட்டம், அதையும் எடுத்துக்காட்டு தம்பி என்று கேட்டதாக நீ சொல்லிச் சிரித்தாய். அன்றைக்குச் சிரித்ததோடு சரி.

வளைகுடாவில் ஒரு ஆர்க்கெஸ்ட்ரா வயோலாவுக்கு ஒரே ஒரு ஆள் தேடுகிறது என்ற விளம்பரத்தை நீதான் பார்த்தாய். ஒரு இடத்துக்கு நாம் இரண்டு பேரும் வீடியோ எடுத்து அனுப்பினோம், இரண்டு பேரையும் நேரில் கூப்பிட்டார்கள். உங்கள் அத்தா அந்த ஊரில் பல வருஷம் சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர். கல்ஃபுக்குப் போகிறவன் ஊறுகாயும் லுங்கியும் கட்டிக்கொண்டு போவான், இவனுங்க ரெண்டு பேரும் பிடிலைக் கட்டிக்கொண்டு போகிறானுங்க என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். குரலில் கிண்டல் இருந்தது. அதைவிட அதிகமாகப் பெருமை இருந்தது.

அந்தத் தேர்வு நடக்கிற விதம் நமக்குப் புதிது. நடுவில் பெரிய திரை. அந்தப் பக்கம் நடுவர்கள், இந்தப் பக்கம் வாசிக்கிறவன். பெயர் கிடையாது, நம்பர்தான். ஆணா பெண்ணா, கருப்பா சிவப்பா, எந்த ஊர் என்று எதுவும் அவர்களுக்குத் தெரியக்கூடாது. செருப்புச் சத்தத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடக்கூடாது என்று தரையில் கம்பளம்கூடப் போட்டிருந்தார்கள். வாயைத் திறக்கவே கூடாது, ஏதாவது வேண்டுமென்றால் கூட வருகிற பெண்ணின் காதில் சொல்லவேண்டும். இதையெல்லாம் நமக்கு இரண்டு தடவை படித்துக்காட்டினார்கள். நான் நன்றாகத் தலையாட்டினேன்.

நன்றாகத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். வேகமான ஒரு பகுதியில் விரல் ஒரு நூல் பிசகியது. வில் தானாக மேலே போனது. “சாரி சார், ஒன் மோர்” என்று தெளிவாக, கணீரென்று, திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் நன்றி சொன்னது. கூட வந்த பெண் என் முழங்கையைத் தொட்டு வாசலைக் காட்டினாள். வெளியே நீ உன் முறைக்காக உட்கார்ந்திருந்தாய். என் முகத்தைப் பார்த்தாய். உள்ளே போனாய், அந்த இடத்தை வாங்கிக்கொண்டு வந்தாய்.

ஏரோப்ளேனில் வரும்போது எனக்கு உன்மேல் கோபம். நீ ஒரு தப்பும் செய்யவில்லை, ஆனால் கோபத்தை வேறு யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது. நீ வேலையில் சேரப் போனபின் போன் செய்தால் ஆர்டர் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுவேன். நீ விடவில்லை. உங்கள் கடையில் கடன் பாக்கி வைத்தவன்கூட அத்தனை போனுக்குத் தாங்கமாட்டான். கடைசியில் நான் எடுத்துப் பேசியபோது வணக்கம்கூடச் சொல்லவில்லை நீ. “லீவுக்கு வரேன். அந்த ஒன் மோருங்கிறத ஒன் வாயிலேருந்து புடுங்கிட்டுத்தான் போவேன்” என்றாய்.

சொன்னபடி வந்தாய். ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் கோடை விடுமுறை என்றால் உனக்கு எங்கள் கொட்டகைதான். கப்புகள் காய்கிற பலகைத் தட்டுகளை வரிசையாக நிறுத்தி, அதற்கு அந்தாண்டை ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வாய். இந்தாண்டை நான். ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை, முதலிலிருந்து முடிவுவரை. நடுவில் நான் வில்லைத் தூக்கினாலோ வாயைத் திறந்தாலோ நீ எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவாய், அன்றைக்கு அவ்வளவுதான். முதல் வருஷம் டீக்கடைக்காரருக்கு நல்ல வியாபாரம். நான் பலகைகளுக்குப் பின்னால் நீ இருப்பதாக நினைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பேன், செல்வி அக்கா வந்து, “அவரு அப்பவே போயிட்டாருங்க. நீங்க ஒங்க வேலையப் பாருங்க” என்பார்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. தப்பாக வாசித்ததைத் தப்பு என்று சொல்வதில் என்னடா தப்பு, நேர்மையாக இருப்பது குற்றமா என்று சண்டைக்கு வந்தேன். நீ பக்கத்திலிருந்த சுடாத கப்பு ஒன்றை எடுத்து, விளிம்பை விரலால் நசுக்கிக் கரைசல் தொட்டியில் போட்டாய். “இது பச்ச. கரைச்சு மறுபடி ஊத்திக்கலாம். ஸ்டூடியோ அதாம்டா. திரைக்கு முன்னால நடக்கிறது சூளை. உள்ள போனது போனதுதான். ஒரு கப்பு ஒடஞ்சிச்சுன்னு நடுவுல கதவத் தொறந்தியன்னா அத்தனையும் ஒடையும்.” என் தொழிலை எனக்கே சொல்லிக்காட்டுகிறாயா என்று கத்தினேன். கத்திவிட்டு மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன்.

போன கோடையில், நீ லீவுக்கு வந்த மூன்றாம் நாள், விடிந்ததும் உன் இதயம் நின்றுவிட்டது. மதியத் தொழுகைக்குப் பின் எடுத்தார்கள். சந்தூக்குக்கு நானும் தோள் கொடுத்தேன். வயோலா வைத்து வைத்துத் தழும்பேறிய இடது தோளில்தான் உன்னைச் சுமந்தேன். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

கொஞ்ச நாளில் உன் ஆர்க்கெஸ்ட்ராவின் மேனேஜரிடமிருந்து எனக்கு மெயில் வந்தது. என்னைப் பற்றி நீ அடிக்கடி பேசுவாயாம். சீசன் தொடங்கப்போகிறது, தேர்வு எதுவும் வேண்டாம், உடனே கிளம்பிவந்து உன் இடத்தில் உட்கார முடியுமா, பிறகு அதையே நிரந்தரமாக்க வழி பார்க்கலாம் என்று எழுதியிருந்தார். அப்பா அன்றே சூட்கேஸை இறக்கித் துடைத்துவைத்தார். நானும் போகிற மனநிலையில்தான் இருந்தேன். பொய் சொல்வானேன், சந்தோஷமாகவே இருந்தது. நாற்பதைத் தாண்டியபிறகு வாசிக்கிறதற்கென்றே ஒரு நாற்காலி. அதுவும் உன்னுடையது, வேறு எவனோ உட்காருவதற்கு நான் உட்காருவது மேல் என்று நினைத்தேன்.

சொல்லிக்கொண்டு போகலாம் என்று உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி இன்னும் துக்கத்துக்கான இத்தாவில் இருந்த நேரம். வெளி ஆண்களைப் பார்க்கமாட்டார்கள் என்பதால் கூடத்தில் உங்கள் அம்மாவோடு நான் உட்கார்ந்தேன், உன் மனைவி அறைக்குள் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பேசினார். நான் விஷயத்தைச் சொன்னேன். நல்லபடியாகப் போய்வாருங்கள் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். உங்கள் அம்மா, “கேக்குதாம்மா?” என்றார்கள்.

“கேக்குதுங்க” என்றது திரைக்குப் பின்னால். பிறகு, “அண்ணே, அவங்க அந்த எடத்துக்கு வாசிச்சுத்தான் போனாங்க. நம்ம ஊருல யாரு நம்புனாங்க? தெரிஞ்ச ஆளப் புடிச்சு விசா வாங்கிட்டான்னுதான் பேசுனாங்க. கடைசி வரைக்கும் அப்படித்தான் பேசுனாங்க. இப்ப நீங்களும் தெரிஞ்சவர்ன்னு போயி அதுல ஒக்காந்தீங்கன்னா அந்தப் பேச்சு நெசமாயிடும். வாசிச்சுட்டுப் போங்கண்ணே. கெடைக்கலன்னா வூட்டுக்கு வாங்க” என்றார்.

எனக்கு முதலில் சுருக்கென்றது. வலியச் சோறு போடுகிறார்கள், சாப்பிடாதே என்கிறாரே என்று ஜங்ஷன் வரை முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். நடக்க நடக்க, அவர் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை என்று பட்டது. நம் ஊர் ஆட்கள் வளைகுடாவுக்குப் போவதே மச்சான் மூலம், மாமா மூலம். யாருடைய பெயரையும் சொல்லாமல், தன் பெயரையே சொல்லாமல், சத்தத்தை மட்டும் காட்டி ஒரு இடத்தை வாங்கியவன் நீ ஒருவன்தான். அதைக் கெடுக்க எனக்கு என்ன உரிமை. வீட்டுக்கு வந்ததும் மேனேஜருக்குப் பதில் எழுதினேன். இடைக்கால இடம் வேண்டாம், தேர்வு எப்போது வைப்பீர்களோ அப்போது திரைக்கு இந்தப் பக்கம் வந்து நிற்கிறேன் என்றேன். அப்படியென்றால் பல தேசத்துக்காரர்கள் வருவார்கள், யோசித்துக்கொள்ளுங்கள் என்று அவர் மறுபடி எழுதினார். யோசித்தாகிவிட்டது என்றேன்.

அப்பா சாமியாடினார். பந்தியில் உட்காரவைத்து இலையும் போட்டாச்சு, இவன் எழுந்துபோய் வரிசையில் நிற்கிறேன் என்கிறான் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார். நல்லூரிலிருந்து என் மாமா பஸ் ஏறிவந்து புத்தி சொல்லிவிட்டுப் போனார். நான் கேட்டுக்கொண்டேன். சாயங்காலம் மாமாவை பஸ் ஏற்றிவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போய்ப் பலகைகளை நிறுத்தினேன்.

ஆனால் அந்தாண்டை உட்கார ஆள் இல்லை. காலி ஸ்டூலுக்கு வாசிக்கிறபோது பயமே வரவில்லை, பயம் வராத பயிற்சி எதற்கு உதவும். நான் வெறுமனே நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து செல்வி அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். “நான் ஒக்கார்றேன். நீங்க வாயத் தொறந்தா எழுந்து போயிடணும், அவ்ளோதான?” என்றார். அவ்வளவுதான் என்றேன். உன்னைவிட மோசம் அவர். நான் இருமினேன் என்று ஒருநாள் எழுந்துபோய்விட்டார். வாயைத் திறக்கவில்லை, இருமல்தான் என்று பின்னாலேயே போய்ச் சொல்லிப்பார்த்தேன். அவர் கிளேஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்.

தேர்வு நாளில் அங்கே அதே கூடம், அதே கம்பளம். எனக்கு முன்னும் பின்னும் நிறைய பேர், எல்லாரும் என்னைவிடச் சின்னவர்கள். முதல் சுற்றில் அந்தப் பழைய வேகமான பகுதியையே கொடுத்தார்கள். போன தடவை பிசகிய அதே இடத்தில் விரல் மறுபடி பிசகியது. சொன்னால் நம்பமாட்டாய், உதடு பிரிந்துவிட்டது. நாக்கு எழுந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வில் மட்டும் நிற்கவில்லை. பிசகிய சுரம் பின்னால் போனது, அடுத்தது வந்தது, அதற்கடுத்தது வந்தது. முடித்தபோதுதான் உதட்டை மூடினேன். சட்டை முழுக்க வேர்வை. இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிட்டார்கள். அதிலும் தேறினேன். கடைசிச் சுற்றுக்கு நின்றது இரண்டே பேர், நானும் ஒரு பெண்ணும்.

அவள் வாசித்ததைக் கதவுக்கு வெளியிலிருந்து கேட்டேன். கேட்டபோதே தெரிந்துவிட்டது. எனக்கு வராத ஒரு நிதானம் அவள் வில்லில் இருந்தது. மெதுவான பகுதியில் அவசரமே இல்லை, யாருக்கும் எதையும் நிரூபிக்கிற மாதிரி இல்லை. நானும் போய் என்னால் முடிந்த அளவுக்கு நன்றாகவே வாசித்தேன். அவள் நம்பரைச் சொன்னார்கள்.

அவள் சுவரில் சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தாள், ஏதோ ஐரோப்பிய நாட்டுப் பெண், இருபத்தைந்து இருக்கலாம். உன் நாற்காலி நம் கையை விட்டுப் போய்விட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனேன். அங்கிருந்து திரும்பி வந்தேன். வாழ்த்துச் சொல்லிவிட்டு, அந்த இடத்தைப் பற்றி நீ போனில் புலம்பியதையெல்லாம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவளிடம் சொன்னேன். ஏசி காற்று நேராக அந்த நாற்காலியில்தான் விழும், கழுத்துக்கு ஒரு துணி எடுத்துக்கொள். இடைவேளைக்குப் பிறகு தந்தி இறங்கியிருக்கும், எல்லாருக்கும் முன்னாடி போய்ச் சரிபார்த்துக்கொள். பக்கத்தில் உட்கார்கிற பெரியவர் கடுகடுவென்று இருப்பார், பயப்படாதே. வாசிக்க ஆரம்பிப்பதற்கு முன் அவர் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பார், அதைப் பிடித்துக்கொண்டால் கண்டக்டரைப் பார்க்கவேண்டிய வேலையே இல்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். அந்த நாற்காலியில் இருந்தவனோடு பல வருஷம் ஒரே ஸ்டாண்டில் வாசித்தேன், அவன் காலமாகிவிட்டதால்தான் அது காலியானது என்றேன். அவள் உன் பெயரைக் கேட்டாள். சொன்னேன். அவள் வாயில் அது தப்பாக வந்தது. அப்படியில்லை என்று மறுபடி சொன்னேன். இன்னொரு தடவை சொல்லிப்பார்த்தாள், அதுவும் சரியில்லை. நான் விடவில்லை. சரியாக வருகிறவரை சொல்லவைத்துவிட்டுத்தான் அங்கிருந்து நகர்ந்தேன்.

ஊருக்கு வந்தபோது இத்தா முடிந்திருந்தது. உன் மனைவி கடைக்கு வந்து உட்கார ஆரம்பித்திருந்தார். கிடைக்கவில்லை என்று அவரிடம் சொல்லத்தான் எனக்குப் பயமாக இருந்தது. சொன்னேன். அவர் பில் போட்டுக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, “அந்தப் பொண்ணு நல்லா வாசிக்குதாண்ணே?” என்று கேட்டார். என்னைவிட நன்றாக வாசிக்கிறது என்றேன். அவனைவிடவா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. “அப்ப சரிண்ணே” என்றார். பிறகு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். எனக்கு டீ சொன்னார்.

நீ கொடுத்துவிட்டுப் போனதில் என்னிடம் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. பிசகிய சுரத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிற துணிச்சல். அது வாசிப்பில் வந்துவிட்டது. மற்றதில் இனிமேல்தான் வரவேண்டும், உன் விஷயத்தில் வரவே இல்லை. அதற்காக நான் சும்மா உட்கார்ந்திருக்கவும் இல்லை. வேறொரு தேசத்தில் ஒரு வயோலா இடம் காலியாகியிருப்பதாகத் தெரிந்து நேற்று விண்ணப்பம் அனுப்பிவிட்டேன்.

“இந்த வயசுல ஒன்ன எவன்டா எடுப்பான்” என்றார் அப்பா.

திரை போட்டிருப்பாங்கப்பா, வயசு தெரியாது என்றேன்.